மனிதக் கண்ணின் நிறம்

சுமித்திராவின் மேசையில் இரண்டு பெட்டிகள் கிடந்தன. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம், மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதை வாங்குவது என்ற பொறுப்பைப் பரமேஸ்வரன் டொக்டர் அவள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

"நீர்தானே பாவிக்கப்போறது. நீரே பாத்து ஒண்டைச் சொல்லும்," என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான். தங்களுக்குப் பிடிக்காத வேலையை ஏதோ மரியாதை செய்கிற மாதிரித் தந்துவிடுவார்கள்.

கிளிநொச்சியிலிருந்து புறப்படும் ஒரு நடமாடும் வைத்தியசாலை வானில் சுமித்திராவுக்குத் தாதி வேலை. ஸ்கந்தபுரம், ஜெயபுரம், பூநகரி என்று பஸ் ஒழுங்காக வராத ஊர்களுக்கெல்லாம் அந்த வான் போகும். டொக்டர் சில நாட்களில் வருவார். மற்ற நாட்களில் அவளும் சாரதி அஸ்வரும்தான். போன இடமெல்லாம் சிறிய லைற்றைப் பிடித்துக் காதுக்குள் பார்ப்பதால் சனம் அவளுக்கு 'ரோச் மிஸி' என்று பெயர் வைத்திருந்தது. வன்னியில் காது பார்க்கிறவர்களுக்கு வேலை குறையாது. சண்டையில் ஷெல் விழுந்த காலத்தில் கிழிந்த செவிப்பறைகள் இன்னும் கிழிந்தபடியே இருக்கின்றன, மழைக்காலம் வந்தால் அதற்குள்ளால் சீழ் வடியும்.

பழைய கருவியின் பல்ப் எரிந்துபோய்விட்டது. அந்தப் பல்ப் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தத் தெரிவு. கறுப்புப் பெட்டியில் ஒரு கைபிடியும் இரண்டு தலைகளும் இருந்தன, ஒன்று காதுக்கு, மற்றது கண்ணுக்கு. பூநகரியில் எந்தப் பெட்டிக்கடையிலும் விற்கிற சாதாரண பற்றரி போதும். காதுக்குள் வைக்கிற கூம்புகளை அவித்துத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது பார்க்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளைப் பெட்டிக்குள் இருந்ததோ சின்னத் திரை வைத்த கமெரா. வானிலேயே சார்ஜ் போடலாம், படம் எடுத்து டொக்டருக்கு அனுப்பலாம், கண்ணுக்கென்று தனியாக ஒரு வில்லையும் உண்டு. கிளிநொச்சி வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்த விற்பனைப் பொடியன் அதைத் தூக்கிப் பிடித்துச் சொன்னான்: "இனி நோயாளியின்ர முகத்துக்குக் கிட்டப் போகவே தேவையில்லை மிஸ்."

அந்த ஒரு வசனத்தில் சுமித்திரா விழுந்துவிட்டாள். காது பார்க்க அவளுக்குப் பயமில்லை. கண் பார்க்கத்தான் பயம்.

கடைசிச் சண்டை நடந்தபோது அவள் ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பெட்டை. தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்துக் குடியேற்றக் காணியில் நெல் விதைத்தவர். அந்த வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரைப் பக்கம் ஆஸ்பத்திரியாகிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தொண்டு வேலைக்குப் போனாள். யாரோ ஒரு பேனா ரோச்சைக் கையில் கொடுத்து, வராந்தாவில் கிடத்தியிருந்தவர்களின் கண்ணில் வெளிச்சம் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். கருமணி சுருங்கினால் ஆள் இருக்கிறது. சுருங்காவிட்டால் பாயை அடுத்தவருக்கு எடுக்கலாம். செய்தாள். சுருங்காத கண்கள்தான் அவளை மிகவும் நேராகப் பார்க்கும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு அவள் தாதி வேலை படித்தாள். வேலை கிடைத்தது, பேசி வந்த கலியாணம் ஒன்று சரிவரவில்லை, அதற்கு அவள் அழுததாகவும் தெரியவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அந்த ஒன்றைத் தவிர. எந்த முகத்தில் வெளிச்சம் பட்டாலும், முதல் நொடியில், 'இது சுருங்காது' என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லும். கரண்ட் போன நேரங்களில் அவள் ரோச்சோடு கண்ணாடிக்கு முன்னால் போகமாட்டாள். வானில் கண் வருத்தக்காரர் வந்தால் டொக்டர் வருகிற நாளுக்குத் தள்ளிவிடுவாள். அஸ்வர் இதைக் கவனித்திருந்தான், கேட்டதில்லை.

ஆகவே வெள்ளைப் பெட்டிதான் என்று முடிவாகிவிட்டது. திரையைப் பார்த்தால் போதும், எவருடைய கண்ணுக்குள்ளும் இறங்கத் தேவையில்லை.

அந்த வாரம் ஜெயபுரத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் வெள்ளைப் பெட்டி திருவிழாவே நடத்திவிட்டது. தங்கள் காதின் உட்புறத்தைத் திரையில் பார்க்கச் சனம் முண்டியடித்தது. ஒரு கிழவர் தன்னுடைய செவிப்பறை ஓட்டையை வாயைப் பிளந்தபடி பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய குழியோ? மனிசி சொல்லுற எல்லாம் இதுக்குள்ளதான் விழுந்துபோகுது," என்றார். மண்டபமே சிரித்தது.

சுவரோடு ஒதுங்கி ஒரு இளம்பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள். பெயர் லக்சிகா. அந்த வெயிலிலும் இடுப்பில் இருந்த பிள்ளையின் தலையைச் சால்வையால் மூடியிருந்தாள். எல்லோரும் போய், அஸ்வர் கதிரைகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் கிட்ட வந்தாள்.

"இவவின்ர கண்ணை ஒருக்காப் பாருங்கோ மிஸி. இடக்கண்."

சால்வையை எடுத்தாள். இரண்டு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, பெயர் அக்சிதா. கழுத்தில், கையில், இடுப்பில், காலில் எல்லாம் மந்திரித்த கறுப்பு நூல். ஒரு பிள்ளைக்கு இத்தனை நூல் கட்டியிருந்ததைச் சுமித்திரா பார்த்ததில்லை. வில்லையைப் பூட்டிப் படம் எடுத்தாள். பளிச், பளிச் என்று இரண்டு தரம் வெளிச்சம் அடித்தது. திரையில் இரண்டு கண்களும் வடிவாக, கருமணி கறுப்பாக, பால்போல வெள்ளை விழியோடு வந்தன.

"நல்லாத்தானே இருக்கு. நீரே பாரும்."

லக்சிகா படத்தைப் பார்த்தாள். முகத்தில் நிம்மதி வரவில்லை. "பகல்ல ஒண்டும் தெரியாது மிஸி," என்றாள்.

"அப்ப எப்ப தெரியும்?"

லக்சிகா அஸ்வர் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தாள். "நான் வந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்று பிள்ளையை இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவால் போனாள். போகும்போது பிள்ளையின் இடத்தோள் கதவு நிலையில் இடித்தது. பிள்ளை அழவில்லை, பழகிப்போன மாதிரி விலகிப் போனது.

திரும்பி வரும்போது அஸ்வர் தானாகவே கதையைத் தொடங்கினான். முல்லைத்தீவு முஸ்லிம் அவன், புத்தளம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவன். ஊர்க்கதை சேர்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை.

"அது நிரஞ்சன்ர பிள்ளை மிஸி. காட்டோரக் கடைசி வீடு. மைமல் இருட்டினாப் பிறகு அந்த வீட்டில விளக்குக் கொளுத்தமாட்டினம்."

"ஏனாம்?"

"ஆள் களவாய் வேட்டைக்குப் போறவன். நெத்தியில லைற்றைக் கட்டிக்கொண்டு, இடியன் துவக்கோட. பெண்சாதி வயித்தில பிள்ளையோட இருக்கேக்க புருசன் ஒரு உயிரைக் கொல்லக்கூடாது எண்டு உங்கட ஆக்கள் சொல்லுவினமெல்லோ? கோழிகூட அறுக்கமாட்டினமே. இவன் போயிருக்கிறான். வீட்டில சாப்பாட்டுக்கு வழியில்லை, என்ன செய்யிறது. மானொண்டு விழுந்தது. வயித்தைக் கீறினா உள்ளுக்க குட்டி. கண் முழிச்சபடி."

சுமித்திரா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோட்டோரப் பாலை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பிள்ளை பிறந்து ஒரு குறையுமில்லை. தவழுற வயசில ஒருநாள் இவன் நெத்தி லைற்றோட வாசலுக்கு வந்திருக்கிறான். பிள்ளை உள்ளுக்க இருட்டில இருந்து நிமிந்து பாத்ததாம். ஒரு கண் மின்னிச்சுதாம் மிஸி. வெள்ளையாய். மான் கண் மாதிரியே. அண்டைக்கே லைற்றைக் கொண்டுபோய்க் குளத்துக்க எறிஞ்சவன். அந்தக் குட்டிதான் வந்து பிறந்திருக்கு எண்டு ஊருக்குள்ள கதை. பின்னேரத்தில அந்தப் பிள்ளைக்கு முன்னால லைற் கொண்டுபோக ஒருத்தருக்கும் துணிவில்லை."

எந்த ஊரிலும் பெண்பிள்ளைக்கு மான் கண் என்றால் பெற்றவர்கள் பூரித்துப்போவார்கள். நிரஞ்சன் வீட்டில் அந்தச் சொல் வந்தால் அடுப்பையும் அணைத்தார்கள்.

சுமித்திரா சட்டென்று நிமிர்ந்து இருந்தாள். பேய்க்கதை கேட்டதால் அல்ல. படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளையின் கருமணிக்குள் வெள்ளை தெரிந்தால் மருந்து எழுதிக்கொண்டு நிற்காதே, அன்றைக்கே அனுப்பு. கண்ணுக்குள் வளருகிற கட்டி அது. விட்டால் கண்ணோடு நிற்காது, மூளைக்குப் போகும், பிள்ளையைக் கொன்றுவிடும்.

ஆனால் படத்தில் கருமணி கறுப்பாகத்தானே இருந்தது? வானை நிற்பாட்டச் சொல்லி அஸ்வரின் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்தாள். கறுப்பு. தன்னுடையதை எடுத்தாள். அதுவும் கறுப்பு. பிறகுதான் அந்த இரண்டு வெளிச்சத்தின் சூட்சுமம் விளங்கியது. முதல் வெளிச்சம் கருமணியைச் சுருங்க வைக்கிறது, இரண்டாவதுதான் படம் எடுக்கிறது. முகம் வடிவாக வரவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தப் பெட்டியும் அவளைப் போலத்தான், கண்ணைப் பார்க்கிற மாதிரிப் பாவனை பண்ணிவிட்டு உள்ளே போகாமல் வந்துவிடுகிறது.

டொக்டருக்குப் போன் எடுத்தாள். "சந்தேகமெண்டா உடன ஏத்தி அனுப்பும்," என்றார். சொல்லுவது சுகம். ஒன்றும் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லி அனுப்பியவள், திரும்பிப் போய் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வா என்றால் யார் வருவார்கள்? கண்ணால் கண்டு சொல்ல வேண்டும். இருட்டுகிற நேரத்தில், அந்த வீட்டுக்குள், கறுப்புப் பெட்டியோடு.

மறுநாள் பின்னேரம் வானைத் திரும்பவும் ஜெயபுரத்துக்கு விடச் சொன்னாள். அஸ்வர் வான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்த நேரத்தில யானை வாற இடம் மிஸி."

"யானைக்கோ பயம், பிள்ளைக்கோ?"

"ரண்டுக்கும்தான்," என்றான். ஆனாலும் வானை எடுத்தான்.

வழியில் மற்ற வீடுகளில் லைற் எரிந்தது, ரீவி சத்தம் கேட்டது. கடைசி வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. வீட்டுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த கல்வீடு. யன்னல்களில் உரச்சாக்குகளை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். முற்றத்தில் கிடந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்ததே தவிரக் குரைக்கவில்லை. நிரஞ்சன் வாசற்படியில் இருந்தான். வானின் முன்விளக்கு முற்றத்தில் பட்டதும் பாய்ந்து எழும்பினான்.

"லைற்றை நூருங்கோ! முதல் லைற்றை நூருங்கோ!"

அஸ்வர் விளக்கை அணைத்தான். சாம்பல் நிற வெளிச்சத்தில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து பிள்ளை ஏதோ மழலை பேசுவது கேட்டது. கேட்கிற குரல் சாதாரணமான குரல்தான், ஆனால் அந்த இருண்ட வாசலுக்குள்ளிருந்து வரும்போது கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, பிள்ளையின்ர கண்ணில என்ன கண்டனீர்?" என்று சுமித்திரா கேட்டாள்.

நிரஞ்சன் வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னான். "லைற் அடிச்சா மாட்டுக்குப் பச்சை நீலம். முதலைக்குச் சிவப்பு. மானுக்கு வெள்ளை. மனிசருக்கு ஒண்டும் மின்னாது மிஸி. மனிசக் கண் மின்னாது. நான் எத்தினை வருசம் காட்டுக்க திரிஞ்சவன்."

"மனிசக் கண்ணும் மின்னும். உம்மட நெத்தி லைற்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வாரும், காட்டுறன்."

உள்ளே போனார்கள். லக்சிகா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். சாக்கின் இடுக்கால் வந்த கொஞ்ச வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. சுமித்திரா கறுப்புப் பெட்டியைத் திறந்து, கண் பார்க்கிற தலையைப் பூட்டி, கருவியை நிரஞ்சனின் கையில் கொடுத்தாள்.

"இந்தத் துவாரத்தில உம்மட கண்ணை வைச்சுக்கொண்டு என்ர கண்ணைப் பாரும். ஒரு கை தூரத்தில நில்லும்."

வெளிச்சம் அவளுடைய முகத்தில் விழுந்தது. இத்தனை வருசமும் ரோச் அவளுடைய கையில்தான் இருந்தது. இப்போதுதான் முதல்முதலாக மற்றப் பக்கத்தில், பாயில் கிடந்தவர்களின் பக்கத்தில் நிற்கிறாள். தன் கருமணி சுருங்குமோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் நின்றவனின் முகம் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சிவப்பு," என்றான் நிரஞ்சன் மெதுவாக. "தணல் மாதிரி."

"அதுதான் மனிசக் கண். உள்ளுக்க ரத்தம் ஓடுறது தெரியுது. இப்ப பிள்ளையைப் பாப்பம்."

அவள் கருவியை வாங்கினாள். பிள்ளையின் வலக்கண்ணில் பிடித்தாள். வட்டமாக, சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பை அவ்வளவு ஆசையாக அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெளிச்சத்தை இடப்பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளை.

இருட்டுக்குள் ஒரு சின்ன யன்னலைத் திறந்துவிட்டு யாரோ உள்ளே நின்று பார்க்கிற மாதிரி அந்த வெள்ளை இருந்தது. வேட்டைக்காரன் ஓடியதில் பிழையில்லை, அவளுக்கும் ஓட வேண்டும் போல இருந்தது. லைற்றை நூர்த்துவிட்டு, 'ஓம், வெள்ளைதான்' என்று சொன்னாலே போதும். ஆனால் அவள் கிட்டப் போனாள். தன் நெற்றி பிள்ளையின் நெற்றியில் முட்டுமளவுக்குக் கிட்ட. பால்மணக்கும் மூச்சு அவளுடைய கன்னத்தில் பட்டது. உள்ளே, பந்தாகத் திரண்ட வெண்ணிறக் கட்டி. அதன்மேல் தலைமயிர் போல மெல்லிய இரத்த நரம்புகள். பிள்ளை கையை நீட்டி அவளுடைய மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

சுமித்திரா நிமிர்ந்தாள். "இது கட்டி. கண்ணுக்குள்ள வளருற கட்டி. ஒரு வருத்தம், பெயரிருக்கு, வைத்தியமிருக்கு. இப்பவே வெளிக்கிடவேணும்."

நிரஞ்சன் விளங்காதவன்போல நின்றான். "அப்ப மான் இல்லையோ?"

"மான் இல்லைத் தம்பி."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த கேள்வி வரப்போகிறது என்று சுமித்திராவுக்குத் தெரியும்.

"நான் கண்ட அண்டைக்கே கொண்டு வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மனம் உள்ளவர்கள் அந்த இடத்தில் பொய்தான் சொல்லுவார்கள். "சிலவேளை கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றாள். "நானும் நேற்று ஒண்டுமில்லை எண்டு சொன்னனான். இப்ப பிள்ளையைக் காப்பாத்துவம்."

அவன் அப்படியே நிலத்தில் குந்தித் தலையிலடித்து அழுதான். பிள்ளையை வெளிச்சத்துக்குக் காட்டாமல் அவன் காத்த அத்தனை மாதமும் அந்தக் கட்டி இருட்டில் வளர்ந்திருக்கிறது. லக்சிகா அழவில்லை. எழும்பிப் போய், யன்னலில் அடித்திருந்த சாக்கை ஒரு கையால் பிடித்து இழுத்துக் கிழித்துப் போட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தாள். அஸ்வர் வானின் உள்லைற்றைப் போட்டான், ஒருவரும் நூர்க்கச் சொல்லவில்லை.

அக்சிதாவின் இடக்கண்ணை எடுத்துவிட்டார்கள். கொழும்புப் பக்கம் நீண்ட வைத்தியம், தலைமயிர் கொட்டி முளைத்தது, பிள்ளை பிழைத்துக்கொண்டது. எடுத்த கண்ணுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் வைத்திருக்கிறார்கள். மற்றக் கண்ணிலும் அது வரக்கூடும் என்பதால் அங்கத்தைய டொக்டர்மார் குறித்த தவணைகளில் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். இடையில் ஜெயபுரத்தில் சுமித்திராவும் பார்க்கிறாள்.

வெள்ளைப் பெட்டியைத் திருப்பி வாங்க வந்த பொடியனுக்குத் துக்கம் தாங்கவில்லை. "மற்றது பழைய மாதிரி மிஸ், முகத்துக்குக் கிட்டப் போகவேணும்," என்றான். "ஓம், தெரியும்," என்றாள் சுமித்திரா.

இப்போது வான் ஜெயபுரத்துக்கு வருகிற நாளில் நிரஞ்சன்தான் மண்டபத்து வாசலில் முதல் ஆள். கதவு யன்னலெல்லாம் அவனே சாத்துவான். கண்ணாடிக் கண்ணில் வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது, வெறும் கறுப்பு. பிறகு நல்ல கண். அந்த நேரம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமித்திராவின் பின்னால் நிற்பான்.

"மிஸி, என்ன நிறம்?"

"சிவப்பு."

"நானும் ஒருக்காப் பாக்கட்டோ?"

ஒவ்வொரு தரமும் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கருவியைத் துடைத்துத் தருவான்.

போன தரம் பிள்ளையும் கை நீட்டியது. தகப்பன் ஒவ்வொரு தரமும் பார்க்கிற அந்தத் துவாரத்தில் அப்படி என்னதான் இருக்கிறதென்று அதற்கும் தெரிய வேண்டும். சுமித்திரா முழங்காலிட்டு, கைபிடியை அந்தச் சின்னக் கைக்குள் வைத்து, துவாரத்தை நல்ல கண்ணோடு பொருத்திவிட்டாள். வெளிச்சம் அவளுடைய முகத்தில் ஆடி, தேடி, கண்ணில் வந்து நின்றது. அவள் இமைக்கவில்லை. பின்னால் போகவுமில்லை. பழைய வராந்தாவில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த வெளிச்சத்துக்கு அப்பால் வந்து நிற்பதுபோலத் தோன்றியது, அவர்களும் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல.

"அப்பா," என்று கத்தியது பிள்ளை, "மிஸிக்கும் சிவப்பு!"